ஓட்டை எண்ணுகிறவருக்கும் ஓட்டா?

(பொதுக்கூட்டச் சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்கா தேசத்தில் 2026-ம் வருஷம் நவம்பர் மாதம் 3-ந் தேதி நடக்கவிருக்கும் தேர்தலில், அநேகமாக யாரும் கவனிக்காத ஒரு உத்தியோகத்தைப் பற்றியதாகும். அமெரிக்கா தேர்தலுக்கும் நமது சந்தைத் திடலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சரக்கு எந்த ஊர்ச் சரக்கானாலும் தராசு யார் கையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்கள்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகையால் அந்தத் தராசுக் கதையைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

அந்தத் தேசத்தில் நம் நாட்டைப்போல் தேசம் முழுமைக்கும் தேர்தல் நடத்துகிற ஒரு கமிஷன் கிடையாது. 50 மாகாணங்களும் தத்தம் தேர்தலைத் தாங்களே நடத்திக்கொள்ளுகின்றன. ஜனாதிபதி தேர்தல்கூட அப்படித்தான். பெரும்பான்மையான மாகாணங்களில் அதற்குத் தலைமை அதிகாரி 'மாகாணக் காரியதரிசி' என்பவர். வாஷிங்டனில் வெளிநாட்டு விவகாரம் பார்க்கிற மந்திரிக்கும் அவர்கள் பாஷையில் இதே பட்டந்தான். அவர் வேறு, இவர் வேறு. இவர் மாகாணத்தின் முத்திரையைக் காவல் காப்பவர், கம்பெனிகளைப் பதிவு செய்பவர். மிச்சிகன் மாகாணத்தில் மோட்டார் ஓட்டுகிற லைசென்ஸ் கொடுப்பதும் இவர் இலாகாதான். இவ்வளவு சில்லறை வேலைகளோடு வாக்காளர் ஜாபிதா, ஓட்டு யந்திரம், ஜில்லா அதிகாரிகளுக்கு உத்தரவு, கடைசியில் இன்னார் ஜெயித்தார் என்கிற அத்தாட்சி ஆகியவைகளும் சேர்ந்திருக்கின்றன.

இதிலே வேடிக்கை என்னவென்றால், 35 மாகாணங்களில் இந்த உத்தியோகஸ்தரையே ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் கட்சிப் பெயரோடு நிற்கிறார், கட்சிப் பணத்தில் பிரசாரம் செய்கிறார், கட்சி மேடையில் பேசுகிறார். ஜெயித்த மறுநாள் முதல் இரு கட்சிக்கும் நடுவர் ஆகிவிடுகிறார்! கோழிச் சண்டையில் நடுவராக உட்காருகிறவன் தன் கோழியையும் களத்தில் விட்டிருந்தால் நம் கிராமத்து ஜனங்கள் ஒரு நாழிகை பொறுப்பார்களா? உலகத்துக்கெல்லாம் ஜனநாயகம் போதிக்கிற தேசம் இதை நூறு வருஷத்துக்கு மேலாகப் பொறுத்து வந்திருக்கிறது. இந்த 2026 நவம்பரில் இருபதுக்கு மேற்பட்ட மாகாணங்களில் இந்த நாற்காலிக்குப் போட்டி நடக்கிறது.

போட்டி நடந்தால் நடக்கட்டுமே, அதனால் என்ன கெடுதி நேர்ந்துவிட்டது என்று கேட்பீர்களானால், 2000-ம் வருஷத்தைப் பாருங்கள். பிளோரிடா மாகாணத்தில் யார் ஜெயித்தாரோ அவர்தான் ஜனாதிபதி என்கிற நிலைமை ஏற்பட்டது. அங்கே காரியதரிசியாயிருந்த காதரின் ஹாரிஸ் அம்மையார், போட்டியிட்ட இருவரில் ஒருவரான ஜார்ஜ் புஷ்ஷினுடைய பிரசாரக் கமிட்டிக்கு அம்மாகாணத்தில் துணைத் தலைவர்! மாகாண கவர்னரோ புஷ்ஷின் கூடப்பிறந்த தம்பி. 537 ஓட்டு வித்தியாசத்தில் புஷ் ஜெயித்ததாக அந்த அம்மையார் அத்தாட்சி கொடுத்தார். மறுபடி எண்ணுவதை சுப்ரீம் கோர்ட் டிசம்பரில் நிறுத்திவிட்டது. அம்மையார் சட்டப்படிதான் நடந்தாரா இல்லையா என்பது வேறு விஷயம். அவர் தருமராஜாவாகவே இருந்திருந்தாலும் தோற்றவன் எப்படி நம்புவான்?

2004-ல் ஒஹையோ மாகாணத்தில் கென்னத் பிளாக்வெல் என்பவர் காரியதரிசி. அவரும் அதே புஷ்ஷின் பிரசாரத்துக்கு அம்மாகாணத் துணைத் தலைவர். வாக்காளராகப் பதிந்துகொள்ள ஜனங்கள் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பக் காகிதம் இன்ன கனம் இருக்கவேண்டும், மெல்லிய காகிதமானால் ஏற்கக்கூடாது என்று அவர் ஒரு உத்தரவு போட்டார். ஆளைப் பார்க்கவில்லை, வயதைப் பார்க்கவில்லை, காகிதத்தின் தடிப்பைப் பார்த்தார்! கூக்குரல் எழுந்த பிறகு உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இது ஒரு கட்சியின் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். இதுவரை சொன்னவர்கள் ரிபப்ளிகன் கட்சியார். 2022-ல் அரிஜோனா மாகாணத்தில் டெமாக்ரடிக் கட்சியைச் சேர்ந்த கேட்டி ஹாப்ஸ் அம்மையார் காரியதரிசியாக இருந்துகொண்டே கவர்னர் பதவிக்கு நின்று, அந்தத் தேர்தலுக்குத் தலைமை அதிகாரியாகவும் இருந்து, 17,117 ஓட்டில் ஜெயித்தார். விலகிக்கொள்ளுங்கள் என்று சொன்னவர்களுக்கு அவர் செவி கொடுக்கவில்லை.

இனி ஜார்ஜியா மாகாணத்துக்கு வருவோம். இந்த உத்தியோகத்தின் நல்லதும் பொல்லாததும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமானால் அந்த மாகாணத்தைப் பார்த்தால் போதும்.

1946-ம் வருஷம் அங்கே கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட யூஜின் டால்மட்ஜ் என்பவர் பதவி ஏற்கு முன்பே இறந்துபோனார். உடனே மூன்று பேர் கவர்னர் நாங்கள்தான் என்று கிளம்பினார்கள். ஒருவர் அதுவரை கவர்னராயிருந்தவர்; ஒருவர் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட துணைக் கவர்னர்; ஒருவர் செத்துப்போனவருடைய மகன் ஹெர்மன். தகப்பன் செத்தால் மகனுக்குப் பட்டம் என்பது நமக்குப் புதிதல்ல, குடியரசு தேசத்தில் அது எப்படிப் புகுந்தது என்பதுதான் பார்க்கத்தக்கது. வாக்குச் சீட்டில் அச்சடித்திராத பெயரையும் வாக்காளர் கையால் எழுதிப் போடலாம் என்பது அங்கே வழக்கம். அப்படி மகனுடைய பெயரைச் சிலர் எழுதிப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் அவர் பின்தங்கியிருந்தார். அப்போது அவருடைய சொந்த ஜில்லாவாகிய டெல்பேரில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஓட்டுகள் திடீரென்று அகப்பட்டன, அவர் முன்னுக்கு வந்துவிட்டார். ஒரு பத்திரிகைக்காரர் அந்த ஜாபிதாவை வாங்கிப் பார்த்தார். அந்த ஜில்லா வாக்காளர்கள் எவ்வளவு ஒழுங்கானவர்கள் தெரியுமா? அகர வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராக வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள்! அவர்களில் சிலர் செத்துப்போனவர்கள். நம் ஊரில் செத்தவர்கள் அமாவாசைக்குச் சாப்பிடத்தான் வருவதாகச் சொல்லுவார்கள், அங்கே ஓட்டுப் போடவும் வந்திருக்கிறார்கள்.

அந்தச் சமயம் மாகாணக் காரியதரிசி பென் போர்ட்சன் என்பவர். நடக்க முடியாதவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். மாகாண முத்திரை விழுந்தால்தான் கவர்னர் கையெழுத்துக்கு மதிப்பு. அவர் என்ன செய்தார் என்றால், அந்த முத்திரையைத் தன் நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் தேடினார்கள், அகப்படவில்லை. 1947 மார்ச்சில் மாகாணத்தின் உயர்ந்த கோர்ட் துணைக் கவர்னருக்கே பாத்தியம் என்று தீர்ப்புச் சொல்லுகிறவரையில் முத்திரை மெத்தைக்கடியில்தான் இருந்தது. இதைச் சொன்னால் ஜனங்கள் கை தட்டுவார்கள். நாமும் தட்டலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு தேசத்து ஜனங்களின் உரிமை ஒரு மனிதருடைய மெத்தையை நம்பி இருந்தது என்றால் அது பெருமையா? அதே நாற்காலியில் அந்த ஹெர்மனுடைய ஆள் ஒருவர் இருந்திருந்தால்?

எழுபது வருஷம் கழித்து 2018-ல் அதே உத்தியோகத்தில் பிரயன் கெம்ப் என்பவர் இருந்தார். அவரும் அரிஜோனா அம்மையாரைப் போலவே, கவர்னர் பதவிக்குத் தானே அபேட்சகர், அந்தத் தேர்தலுக்குத் தானே தலைமை அதிகாரி. எதிர்த்து நின்றவர் ஸ்டேஸி ஆப்ரம்ஸ் என்கிற கறுப்பினத்து அம்மையார். தேர்தலுக்குச் சில வாரம் முன்பு சுமார் 53,000 பேருடைய வாக்காளர் விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது வெளியாயிற்று. காரணம், விண்ணப்பத்திலுள்ள பெயரும் சர்க்கார் தஸ்தாவேஜிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவர வேண்டுமாம். ஒரு சிறு கோடு விட்டுப்போனாலும் நிறுத்தி வைக்கப்படுமாம். ஜனத்தொகையில் மூன்றிலொரு பங்கு உள்ள கறுப்பு மக்கள் அந்த 53,000 பேரில் நூற்றுக்கு எழுபது பேர் இருந்தார்கள்! அடையாளச் சீட்டோடு வந்தால் ஓட்டுப் போடலாமே என்று அவர் தரப்பில் பதில் சொல்லப்பட்டது. அது உண்மைதான். ஆனால் உன் பேர் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று சர்க்கார் சீட்டு வந்தால் கூலிக்குப் போகிறவன் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வாதாடப் போவானா, அல்லது வீட்டிலேயே இருந்துவிடுவானா? கெம்ப் சுமார் 55,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தேர்தல் முடிந்த இரண்டாம் நாள்தான் காரியதரிசி பதவியை ராஜினாமாச் செய்தார்.

இந்த ஜாபிதாத் தந்திரம் அவர்களுக்கு நேற்று வந்ததல்ல. 1890-ல் மிசிசிப்பி மாகாணம், சாசனத்தில் ஒரு பகுதியைப் படிக்கவோ, படித்துச் சொல்லக் கேட்டு அர்த்தம் சொல்லவோ தெரிந்தவனுக்கே ஓட்டு என்று சட்டம் செய்தது. அர்த்தம் சரியா தப்பா என்று சொல்லுகிற வாத்தியார் யார்? ஜாபிதா எழுதுகிற வெள்ளைக்கார குமாஸ்தா! லூசியானா மாகாணம் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தது. படிப்போ சொத்தோ இருந்தால்தான் ஓட்டு என்று 1898-ல் விதித்துவிட்டு, வெள்ளைக்கார ஏழைகளும் இதில் மாட்டிக்கொள்வார்களே என்பதற்காக, 1867 ஜனவரி 1-ந் தேதிக்கு முன் எவனுடைய தகப்பனுக்கோ பாட்டனுக்கோ ஓட்டு இருந்ததோ அவனுக்கு இந்தப் பரீட்சை வேண்டியதில்லை என்று ஒரு சந்து வைத்தது. அந்தத் தேதியில் கறுப்பு மக்களுடைய பாட்டன்மாருக்கு அங்கே ஓட்டே கிடையாது, அவர்களில் பெரும்பாலோர் சில வருஷத்துக்கு முன்வரை அடிமைகள்! பாட்டன் பெயரைச் சொல்லிப் பேரன் மேலே உட்காருகிற வித்தையை நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. விளைவு என்னவென்றால், 1896-ல் அந்த மாகாண ஜாபிதாவில் 1,30,000-க்கு மேலிருந்த கறுப்பு வாக்காளர்கள் 1904-ல் 1,342 பேர் ஆனார்கள்! இதற்குத் துப்பாக்கி மாத்திரம் காரணமல்ல. ஒரு பேனாவும், பேனாவைப் பிடித்தவன் இஷ்டத்துக்கு விட்ட சட்டமும் போதுமானதாக இருந்தது.

இதற்கு எதிர்க்கணக்கும் சொல்லவேண்டும். 1965-ல் மிசிசிப்பியில் ஓட்டுரிமை பெறத்தக்க கறுப்பு மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட ஜாபிதாவில் இல்லை. அவ்வருஷம் ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்து, பரீட்சையை நிறுத்தி, மத்திய சர்க்கார் ஆட்களே வந்து பெயர் எழுதத் தொடங்கினார்கள். 1967-ல் நூற்றுக்கு அறுபது பேர் அளவுக்கு ஜாபிதாவில் ஏறிவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் அங்குள்ள குமாஸ்தாக்களெல்லாம் மகாத்மாக்களாகிவிட்டார்களா? இல்லை. இஷ்டம் என்பதை அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான பாகத்தை, அதாவது பழைய குற்றவாளி மாகாணங்கள் தேர்தல் விதியை மாற்றுவதானால் முன்கூட்டி அனுமதி பெறவேண்டும் என்பதை, 2013-ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நாலு என்கிற கணக்கில் செயலற்றதாக்கிவிட்டது. ஜார்ஜியாவும் அந்த மாகாணங்களில் ஒன்று.

மறுபடியும் அந்த ஜார்ஜியாவுக்கே வருவோம். 2020 ஜனாதிபதி தேர்தலில் அங்கே டொனால்ட் டிரம்ப் 11,779 ஓட்டில் தோற்றார். காரியதரிசி பிராட் ராபென்ஸ்பெர்கர் என்பவர் டிரம்பின் கட்சிக்காரர், டிரம்புக்கே ஓட்டுப் போட்டவர். 2021 ஜனவரி 2-ந் தேதி ஜனாதிபதியாயிருந்த டிரம்ப் அவரை டெலிபோனில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசி, தோற்ற கணக்குக்கு ஒன்று கூட, அதாவது 11,780 ஓட்டைக் கண்டுபிடித்துத் தரவேண்டும் என்று கேட்டார். அந்தப் பேச்சு ஒலிப்பதிவாகி உலகமெல்லாம் கேட்டது. ராபென்ஸ்பெர்கர், உங்கள் கணக்குத் தப்பு என்று சொல்லிவிட்டார்.

அவருடைய தைரியத்தைப் புகழ வேண்டியதுதான். ஆனால் அவருக்குப் பக்கபலமாயிருந்தது எது என்பதைப் பலர் சொல்லுவதில்லை. 2018 வரை ஜார்ஜியாவில் ஓட்டு யந்திரத்தில் காகிதமே கிடையாது. யந்திரம் சொன்னதுதான் கணக்கு, சாமியாடி சொன்னதுதான் குறி என்பதைப்போல. 2020-ல்தான் ஓட்டுச் சீட்டு காகிதத்தில் அச்சாகி வரும் முறை வந்தது. ஆகையால் சுமார் 50 லட்சம் சீட்டுகளையும் கையாலேயே எண்ணிப் பார்த்தார்கள். பிறகு யந்திரத்திலும் இன்னொரு தடவை எண்ணினார்கள். மூன்று தடவையும் தோற்றவர் தோற்றவரே. இன்னும் ஒன்று: 2018-ல் நாம் குறை சொன்ன அதே கெம்ப், 2020-ல் கவர்னராயிருந்து அந்த முடிவில் கையெழுத்துப் போட்டார், டிரம்பின் கோபத்துக்கும் ஆளானார். அவர் நல்லவரா கெட்டவரா என்று நீங்களே சொல்லுங்கள். நம்மால் சொல்ல முடியவில்லை. காகிதம் இல்லாத இடத்தில் ஒரு மாதிரியும் காகிதம் உள்ள இடத்தில் வேறு மாதிரியும் நடந்தார் என்பது மாத்திரம் தெரிகிறது.

நேர்மைக்குக் கிடைத்த சன்மானத்தையும் கேளுங்கள். அதே 2021-ல் ஜார்ஜியா சட்டசபை ஒரு சட்டம் செய்து, மாகாணத் தேர்தல் போர்டின் தலைமையிலிருந்து காரியதரிசியை விலக்கி, ஓட்டில்லாத அங்கத்தினராக உட்காரவைத்துவிட்டது. நெவாடா மாகாணத்தில் புரட்டு எதுவும் நடக்கவில்லை என்று சொன்ன ரிபப்ளிகன் காரியதரிசியைச் சொந்தக் கட்சியே கண்டனத் தீர்மானம் போட்டு அவமானம் செய்தது. மிச்சிகன் காரியதரிசி ஜாஸலின் பென்ஸன் அம்மையார் வீட்டு வாசலில் 2020 டிசம்பரில் துப்பாக்கியோடு கூட்டம் கூடிற்று.

2022-ல் நடந்தது இன்னும் விசித்திரம். 2020 தேர்தலே திருட்டு என்று சொன்னவர்கள் ஒரு கோஷ்டியாகச் சேர்ந்து, பல மாகாணங்களில் இந்தக் காரியதரிசிப் பதவிக்கே நின்றார்கள். திருட்டு என்பதற்குச் சாட்சியம் எங்கே என்று கோர்ட்டுகள் கேட்டபோது கொடுக்கச் சாட்சியமில்லை. ஆனாலும் நம்பிக்கை இருந்தது! ஜோசியம் பலித்தால் ஜோசியன் சமர்த்து, பலிக்காவிட்டால் ஜாதகக்காரன் கொடுத்த நேரம் தப்பு என்பார்களே, அதுபோல் ஜெயித்தால் தேர்தல் சரி, தோற்றால் தேர்தல் திருட்டு. மிச்சிகனில் அப்படி நின்றவர் நூற்றுக்குப் பதினான்கு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அரிஜோனாவிலும் அவர்கள் ஆள் தோற்றார். நெவாடாவில் தோற்ற வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு சொச்சந்தான். வயோமிங், இந்தியானா மாகாணங்களில் அந்தப் பேச்சுப் பேசினவர்கள் ஜெயித்தே விட்டார்கள். 2024-ல் டிரம்ப் ஜெயித்தார். பழைய யந்திரமும் பழைய ஜாபிதாவும் பெரும்பாலும் அப்படியே இருந்தும் அவ்வருஷத்துத் தேர்தலைத் திருட்டு என்று அவர்களில் யாரும் கோர்ட்டுக்கு ஓடவில்லை.

அப்படியானால் ஜனங்கள் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு நியமித்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. பிளோரிடாவில் 2003 முதல் இந்த உத்தியோகஸ்தரை கவர்னர் நியமிக்கிறார். கவர்னர் கட்சிக்காரர்தானே! ஜனங்களுக்குப் பயந்த கட்சிக்காரனுக்குப் பதில் எஜமானுக்குப் பயந்த கட்சிக்காரன். விஸ்கான்ஸின் மாகாணம் ஒரு நல்ல வேலை செய்து பார்த்தது. பெஞ்சை விட்டு இறங்கிய நீதிபதிகள் ஆறு பேரைக் கொண்ட ஒரு போர்டிடம் தேர்தலை ஒப்புவித்தது. அந்தப் போர்டு கவர்னர் தரப்பாருடைய தேர்தல் பணத்தைப் பற்றிய விசாரணையிலும் கை வைத்தது. உடனே 2015-ல் சட்டம் செய்து போர்டையே கலைத்துவிட்டு, இரு கட்சியும் சரிபாதியாக உட்காருகிற கமிஷனை வைத்தார்கள். சரிபாதி என்பதில் ஒருவன் திருட முடியாது என்ற லாபம் உண்டு. மூன்றுக்கு மூன்று என்று ஒன்றுமே தீர்மானமாகாமல் போகிற நஷ்டமும் உண்டு. நம் நாட்டிலும் 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் சேர்ந்து தேர்தல் கமிஷனர்களைப் பொறுக்கவேண்டும் என்றது; அவ்வருஷ டிசம்பரிலேயே பார்லிமெண்ட் சட்டம் செய்து, தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் குறிப்பிடும் ஒரு மந்திரியை வைத்துவிட்டது. மூன்றில் இரண்டு யாருக்கு என்று கணக்குப் போட உங்களுக்குத் தெரியும்.

2026-ல் அங்கே இந்தப் போட்டி முன்னிலும் காரமாக இருப்பதற்குக் காரணம் ஜாபிதாவே. 2025-ல் மத்திய சர்க்காரின் நீதி இலாகா, வாக்காளர் ஜாபிதாவை முழு விவரத்தோடு ஒப்புவிக்கும்படி மாகாணங்களைக் கேட்டது. மறுத்த மாகாணங்களின் மேல் செப்டம்பரில் வழக்குத் தொடர ஆரம்பித்தது. முதலில் மெயின், ஆரிகன் என்ற இரண்டின்மேல். கொடுப்பதா மறுப்பதா என்று முதல் பதில் சொல்லவேண்டியவர் இந்தக் காரியதரிசிதான். ஆகையால் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது எண்ணுகிற நாளைக்கு மாத்திரம் உரிய விஷயமல்ல. பெயரே இல்லாதவனுடைய ஓட்டை எவ்வளவு யோக்கியமாக எண்ணினால் என்ன?

மேஜைக்கு இரண்டு கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒரு தோழர், அமெரிக்காவில் ஓட்டுப் போடுகிறவர்கள் இந்தப் பதவியைக் கவனித்துத்தான் போடுகிறார்களா என்று கேட்கிறார். அநேகர் கவனிப்பதில்லை. அவர்கள் ஓட்டுச் சீட்டு நம் கல்யாண மளிகைச் சிட்டையைப்போல நீளமாயிருக்கும். மேலே கவர்னர், செனட்டர் பெயருக்கு நேரே குறியிட்டுவிட்டு, கீழே உள்ளவைகளை வெறுமனே விட்டுப் போகிறவர்கள் ஏராளம். கட்சிப் பெயரைப் பார்த்துக் குத்திவிட்டுப் போகிறவர்கள் அதைவிட ஏராளம்.

மற்றொருவர், நிற்கிறவர்களில் யோக்கியர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். நெற்றியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கேள்வி கேட்கலாம். உன் கட்சி தோற்ற தேர்தலின் எண்ணிக்கையை நீ அப்போது ஒப்புக்கொண்டாயா என்பது ஒன்று. நாளைக்கு நீயே வேறு பதவிக்கு நின்றால் அந்தத் தேர்தல் வேலையிலிருந்து விலகிக்கொள்வாயா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு, ஆம் என்ற வார்த்தையை மாத்திரம் வாங்கிக்கொண்டு வந்துவிடக்கூடாது, யாரிடம் விட்டுவிட்டு விலகுவாய் என்றும் கேட்கவேண்டும். 2018-ல் கான்ஸாஸ் மாகாணத்தில் கிரிஸ் கோபாக் என்கிற காரியதரிசி, தன் கட்சியின் கவர்னர் அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் நின்று, 343 ஓட்டில் ஜெயித்தார். எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே எதிராளி ஆட்சேபித்ததன் பேரில், சரி, நாம் விலகிக்கொள்கிறோம் என்று வேலையை ஒப்படைத்தார். யாரிடம் ஒப்படைத்தார் என்றால், தன் ஆபீசில் தனக்கு அடுத்தபடி இருந்த உதவிக் காரியதரிசியிடம்.

நேரம் அதிகமாகிவிட்டது. பின்னால் பேசவேண்டிய தோழர்கள் காத்திருக்கிறார்கள்.